கன்றுக்குக் குறைவது கொழுப்பா, பாலா?

கேள்வி: உதகமண்டலத்தில் தலைகுந்தாவை அடுத்த ஒரு சிற்றூரில் எட்டு ஜெர்சி கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். கன்றுகளுக்குக் காலையில் ஒன்றேகால் லிட்டரும் மாலையில் ஒன்றேகால் லிட்டரும் தாய்ப்பாலை வாளியில் வைக்கிறோம். மீதியைச் சங்கத்துக்கு ஊற்றுகிறோம். சென்ற ஜனவரியில் உறைபனி கடுமையாக இருந்த வாரங்களில், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத இரண்டு கிடேரிக் கன்றுகள், மாலையில் பால் குடித்துவிட்டுப் படுத்தவை, விடிந்தபோது விறைத்துக் கிடந்தன. கழிச்சல் எதுவும் இல்லை. மற்ற கன்றுகள் உயிர் பிழைத்தாலும் மயிர் சிலிர்த்து மெலிந்தே இருந்தன. தீவனம் விற்பவர், 60 விழுக்காடு கொழுப்புள்ள பொடி ஒன்றைப் பாலில் கலந்து கொடுத்தால் குளிர் தாங்கும் என்கிறார். கறவை மாடுகளுக்கு வாங்கிய பைபாஸ் கொழுப்பு வீட்டில் இருக்கிறது. அதையே கலந்தால் ஆகாதா? பக்கத்து வீட்டார் தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொல்கிறார். சமவெளியில் மாடு வளர்த்த என் மாமியார் பருத்திக்கொட்டையை ஆட்டிக் கொடுக்கச் சொல்கிறார். எதைக் கொடுப்பது, எந்த வயதிலிருந்து, எவ்வளவு?

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

நீங்கள் கேட்டிருக்கும் நான்கு பொருள்களில் விற்பனையாளர் சொன்ன பொடி ஒன்றுக்கு மட்டும், அதுவும் உறைபனி விழும் சில வாரங்களுக்கு மட்டும், கன்றின் வாளியில் இடம் உண்டு. பைபாஸ் கொழுப்பு, எண்ணெய், பருத்திக்கொட்டை ஆகிய மூன்றையும் பால் குடிக்கும் கன்றின் அருகே கொண்டுபோக வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கொழுப்பைப் பற்றிய கேள்வி அன்று. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்ற அளவுதான். பொடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த இரண்டரை லிட்டரைக் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

பிறந்த கன்றின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. உடல் எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடுதான். 24 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்பினக் கன்றில் மொத்தக் கொழுப்பு ஒரு கிலோவைத் தாண்டாது. அதிலும் ஒரு பகுதி உறுப்புகளின் கட்டமைப்பிலேயே சேர்ந்திருப்பது. குளிருக்கு எரித்துக்கொள்ள முடியாதது. எரிப்பதற்கென்றே இயற்கை வைத்திருப்பது சிறுநீரகத்தைச் சுற்றியும் வேறு சில இடங்களிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு. கடுங்குளிரில் பட்டினி கிடந்தால் அது ஒரு நாள்கூடத் தாங்காது. போதாக்குறைக்கு, ஜெர்சி இரத்தம் உள்ள கன்று உருவத்தில் சிறியது; சிறிய உடலுக்கு எடையை ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம் என்பதால், எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்ற பெரிய கறவை இனம்) கலப்பினக் கன்றைவிட அது வேகமாகச் சூட்டை இழக்கும். மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றுக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரைதான் இதமான வெப்பநிலை. 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால், உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதற்கு என்றே அது தனியாக உணவைச் செலவழிக்கத் தொடங்கிவிடும். உங்கள் பகுதியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளி வெளுத்துப் போகும் அளவுக்கு, 0 டிகிரியை ஒட்டி இறங்குகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். கன்றுகளின் எரிசக்தித் தேவைக்கு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2001-இல் வெளியிட்ட சூத்திரங்களைத்தான் நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அதன்படி 24 கிலோ எடையுள்ள கன்று, இதமான வெப்பநிலையில், ஒரு கிராம்கூட வளராமல் உயிரோடு இருப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,100 கிலோகலோரி வேண்டும். 4.5 விழுக்காடு கொழுப்புள்ள ஜெர்சி கலப்பினப் பாலின் ஒரு லிட்டரில் கன்றுக்குப் பயன்படும் எரிசக்தி ஏறத்தாழ 700 கிலோகலோரி என்று கொண்டால், உங்கள் இரண்டரை லிட்டர் 1,750 கிலோகலோரி தருகிறது. இதமான பருவத்தில் இதில் மிஞ்சுவது கன்றை நாளொன்றுக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வளர்க்கும். சுமாரான வளர்ச்சிதான், ஆனாலும் வளர்ச்சி. வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி வரும்போது, உயிரோடு இருப்பதற்கான அந்தப் பராமரிப்புத் தேவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகி 1,600 கிலோகலோரியைத் தொட்டுவிடுகிறது. மிஞ்சுவது ஒரு கைப்பிடி. நாளொன்றுக்கு ஐம்பது அறுபது கிராம் வளர்ச்சிக்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. தொப்புள் சற்றுப் புண்பட்டாலோ, படுக்கை நனைந்தாலோ, ஒரு வேளைப் பால் ஆறிப்போய்க் கன்று பாதி குடித்து விட்டுவிட்டாலோ அந்தக் கைப்பிடியும் போய்விடும். அதன்பின் கன்று தன் உடம்பையே தின்னத் தொடங்கும்.

உதகையின் குளிர் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜனவரியிலும் நண்பகலில் நல்ல வெயில் அடிக்கிறது. அந்த நேரத்தில் வெயிலில் கட்டிய கன்று தன் சூட்டைச் செலவழிக்க வேண்டியதில்லை. எனவே மேலே சொன்ன ஒன்றரை மடங்கை நாள் முழுவதுக்கும் போடுவது சற்று மிகை. ஆனால் நனைந்த தரை, இடுக்கில் புகும் காற்று, ஈர மயிர் ஆகியவற்றைச் சூத்திரம் கணக்கில் கொள்வதில்லை. அவை தேவையை மறுபடி மேலே தள்ளிவிடும். இவை இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பது என் கணிப்பு.

கடிதத்தின்படி உங்கள் கன்றுகள் மாலை ஐந்து மணிவாக்கில் பால் குடிக்கின்றன என்றால், அடுத்த பால் காலை ஆறுக்கோ ஏழுக்கோதான். குளிர் முழுவதும் அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஆகவே என் முதல் பரிந்துரை, இரவு ஒன்பது பத்து மணிக்கு மூன்றாவது வேளையாக இன்னொரு ஒன்றேகால் லிட்டர் பால். மாலைக் கறவையில் அந்த அளவை எடுத்து வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றி, கன்றின் வாய்க்குள் போகும்போது 38 முதல் 40 டிகிரி வரை இருக்கும்படி கொடுங்கள். அடுப்பில் நேரடியாக வைத்துக் கொதிக்கவிட்டால் பாலின் உறையும் தன்மை கெட்டுப் போகும். இந்த மூன்றாம் வேளை கூடுதலாக ஏறத்தாழ 875 கிலோகலோரி தருவதால், உறைபனிக் காலத்திலும் நாளொன்றுக்கு 300 கிராமுக்குக் குறையாத வளர்ச்சியை எதிர்பார்க்கலாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்ற பழைய கணக்கு நம் ஊர்க் கையேடுகளில் இன்னும் இருக்கிறது. அது சமவெளிக்கே சற்றுக் கஞ்சத்தனமான கணக்கு, மலைக்குச் சரிப்படவே சரிப்படாது. அதிகப் பால் கொடுத்தால் கழிச்சல் வரும் என்ற அச்சமும் பலரிடம் இருக்கிறது. சுத்தமான வாளியில், சரியான சூட்டில், நேரம் தவறாமல் கொடுக்கும் பாலால் கழிச்சல் வருவதில்லை. பால் அதிகமாகும்போது சாணம் சற்று இளகும், அது நோயன்று.

விற்பனையாளர் சொல்லும் பொடி புதுமையான பொருளன்று. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் கன்றுப் பாலில் கலப்பதற்கென்று 7 விழுக்காடு புரதமும் 60 விழுக்காடு கொழுப்பும் உள்ள பொடி நெடுங்காலமாக விற்கப்படுகிறது. நாளொன்றுக்கு 60 முதல் 110 கிராம் வரை கொடுப்பது அங்கே வழக்கம். அங்கே அதன் தேவை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்குள்ள பண்ணைகள் பலவற்றில் கன்றுகள் தாய்ப்பாலைக் குடிப்பதில்லை. பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கும் மில்க் ரீப்ளேசரைக் குடிக்கின்றன. அந்தப் பொடியில் கொழுப்பு 15 முதல் 20 விழுக்காடுதான் இருக்கும். தாய்ப்பாலிலோ, நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், திடப்பொருளில் கொழுப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு. உங்கள் ஜெர்சி கலப்பினப் பாலில் அதற்கும் மேல். அதாவது அவர்கள் பொடி போட்டு எட்ட முயலும் அளவை உங்கள் பசு கறக்கும்போதே தந்துவிடுகிறது. நீங்கள் மில்க் ரீப்ளேசரைக் கொடுப்பவராக இருந்திருந்தால் பொடியை நான் இன்னும் தாராளமாகப் பரிந்துரைத்திருப்பேன்.

அதற்காக, பொடியே வீண் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. குளிர் கடுமையாகும்போது இரண்டரை லிட்டர் பாலில் முதலில் தீர்ந்து போவது எரிசக்தி; புரதம் அன்று. எரிக்க வேறு பொருள் இல்லாத கன்று, தசையாக வேண்டிய புரதத்தைச் சூட்டுக்காக எரிக்கும். அடுப்பு அணையக் கூடாது என்று வீட்டுக் கதவையே உடைத்து விறகாக வைப்பது போன்றது அது. அந்த நேரத்தில் 100 கிராம் பொடியில் உள்ள 600 கிலோகலோரிக்குச் சற்று மேற்பட்ட எரிசக்தி புரதத்தைக் காப்பாற்றும். கணக்குப்படி, உறைபனி நாள்களில் வளர்ச்சியை ஐம்பது அறுபது கிராமிலிருந்து 250 கிராம் வரை உயர்த்தவும் செய்யும். ஆனால் மூன்றாம் வேளைப் பால் அதைவிட மேலே கொண்டுபோகிறது. கொழுப்போடு புரதமும் சர்க்கரையும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வருகின்றன. வெயில் திரும்பிய பின்னும் பொடியைத் தொடர்ந்தால் கன்றுக்குக் கொழுப்பு படியும். எலும்பும் தசையும் அதனால் கூடுவதில்லை. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும் கன்று, உயரத்தில் பின்தங்கி நிற்கும்.

ஆகவே இரவு வேளை கொடுக்க வீட்டில் ஆள் இல்லை என்றாலோ, ஒரே வாரத்தில் நான்கைந்து கன்றுகள் பிறந்து பால் போதவில்லை என்றாலோ பொடியைப் பயன்படுத்துங்கள். பிறந்த முதல் வாரத்தில் வேண்டாம்; கணையத்திலிருந்து கொழுப்பைச் செரிக்கும் நொதி அந்த வயதில் குறைவாகவே சுரக்கிறது, நாள் செல்லச் செல்லத்தான் கூடுகிறது. இரண்டாம் வாரத்தில் வேளைக்கு 20, 25 கிராமில் தொடங்கி நான்கைந்து நாளில் வேளைக்கு 50 கிராம் வரை உயர்த்தலாம். அதற்கு மேல் போக வேண்டாம். உறைபனி நின்றதும் ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். கழிச்சல் கண்ட கன்றுக்குப் பொடியை உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் பாலை நிறுத்தக் கூடாது. கழிச்சல் என்றதும் பாலை நிறுத்தி வெறும் நீர் கொடுத்துக் கன்றைப் பட்டினி போடும் வழக்கம், கழிச்சலைவிட அதிகக் கன்றுகளைக் குளிர்காலத்தில் கொன்றிருக்கும் என்றே நினைக்கிறேன். பாலை வழக்கம்போல் கொடுத்து, அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தனியாகக் கொடுங்கள்.

பொடியைக் கலக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆறிய பாலில் பொடியைத் தூவிக் குச்சியால் நாலு சுற்றுச் சுற்றினால் கொழுப்பு கரையாது. அரை லிட்டர் பாலை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, அதாவது கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்து, அதில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மத்தால் நன்றாகக் கடைந்து, பிறகு மீதிப் பாலோடு சேர்க்க வேண்டும். சேர்த்தபின் ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். மேலே மஞ்சள் படலமோ எண்ணெய்ப் பொட்டுகளோ மிதந்தால் அது கன்றுக்கு உணவாகாது. பால் கொழுப்பின் துளிகள் 3, 4 மைக்ரான் அளவுக்கு நுண்ணியவை. கன்றின் உமிழ்நீரில் உள்ள நொதியும் குடலில் உள்ள நொதிகளும் அந்த அளவுத் துளிகளைச் செரிக்கவே பழகியவை. பெரிய துளிகள் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறும். அப்போது சாணம் வெளிறிய சாம்பல் நிறமாகி, விரலிடையே தேய்த்தால் பிசுபிசுக்கும். மிதக்கும் கொழுப்பு கன்றின் மூக்குத் தண்டிலும் உதட்டோரத்திலும் ஒட்டிக்கொண்டு, சில நாளில் அங்கே மயிர் உதிர்ந்து தோல் தெரியும். வாலடியிலும் பின்தொடையிலும் அப்படியே. இப்படி மூக்கைச் சுற்றி மயிர் கொட்டிய கன்றைச் சொறி என்று நினைத்து மருந்து தடவிக் கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கோளாறு வாளியில் இருக்கும்.

பையை வாங்கும்போது சில விவரங்களைப் பார்த்து வாங்குங்கள். பால் குடிக்கும் கன்றுகளுக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கொழுப்பு எதிலிருந்து வந்தது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். கொழுப்பையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் லெசித்தின் போன்ற பொருளும் உயிர்ச்சத்து ‘ஈ’யும் (வைட்டமின் E) சேர்ந்திருக்க வேண்டும். பிரித்தவுடன் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

பொடியால் வரும் இன்னொரு இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. எரிசக்தி நிறைந்த பாலைக் குடித்த கன்று உலர் தீவனத்தைக் குறைவாகத் தின்னும். மாட்டின் நான்கு இரைப்பைகளில் முதலாவதும் பெரியதுமான பெருவயிறு கன்றில் வளர்வதற்கு வேண்டியது கன்றுத் தீவனத்தில் உள்ள தானியம். அது நொதித்து உருவாகும் அமிலங்கள்தான் பெருவயிற்றின் உட்சுவரைத் தடிக்க வைக்கின்றன, அந்த நொதித்தலே கன்றுக்கு உள்ளிருந்து சூடும் தருகிறது. கொழுப்பு இந்த வேலைகளில் ஒன்றையும் செய்யாது. ஆகவே மூன்று நான்கு வாரம் நிரம்பி, கன்று தீவனத் தொட்டியை நக்கத் தொடங்கியதும் பொடியின் வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். முதல் வாரத்திலிருந்தே ஒரு பிடி கன்றுத் தீவனத்தைத் தினமும் புதிதாக வையுங்கள்; பழையதை எடுத்துப் பெரிய மாட்டுக்குப் போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் வைக்க வேண்டும், ஏனெனில் தண்ணீர் குடிக்காத கன்று தீவனம் தின்னாது. உறைபனி நாளில் தொட்டியில் சில்லிட்டுக் கிடக்கும் தண்ணீரை எந்தக் கன்றும் தொடாது. தீவனத்திலேயே கொழுப்பைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கன்றுத் தீவனத்தில் 3, 4 விழுக்காடு கொழுப்பு போதும். அதற்கு மேல் ஏற்றினால் கன்று தின்னும் அளவு குறைந்து, ஏற்றியதன் பயனே போய்விடும்.

இனி பைபாஸ் கொழுப்பு. கறவை மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்களைத் தொந்தரவு செய்யாமல் கடந்து சென்று, அப்பால் செரிக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. பால் குடிக்கும் கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வேலை செய்யவே தொடங்கவில்லை. கன்று பாலை உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள பள்ளம் மூடிக் குழாய்போல் ஆகி, பாலை நேராக நான்காம் இரைப்பைக்குக் கொண்டுபோகிறது. கன்றுக்கு எல்லாப் பாலுமே பைபாஸ்தான். தனியாக ஒரு பைபாஸ் தேவையில்லை. மேலும் நம் சந்தையில் கிடைக்கும் பைபாஸ் கொழுப்பு பெரும்பாலும் பாமாயிலின் கொழுப்பு அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் செய்த சோப்பு. அது பாலில் கரையாது, வாளியின் அடியில் மணல்போல் தங்கும். உள்ளே போனாலும் கன்றின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. சிறு மணிகளாக வரும் இன்னொரு வகையோ 50 டிகிரிக்கு மேல்தான் உருகும். கன்றின் உடல் வெப்பம் 39 டிகிரி.

தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பக்கத்து வீட்டார் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். எளிதில் செரிக்கும் வகை. மில்க் ரீப்ளேசர் தயாரிக்கும் நிறுவனங்களும் அதைச் சேர்க்கின்றன. ஆனால் அவை இயந்திரத்தில் அழுத்தம் கொடுத்து எண்ணெயை நுண்துளிகளாக்கிச் சேர்க்கின்றன. கரண்டியால் ஊற்றிய எண்ணெய் பாலின் மேல் ஏடாக நிற்கும், உங்கள் ஊர்க் குளிரில் கட்டியாகவே நிற்கும். பாலின் கொழுப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெயை மட்டுமே கொடுத்த கன்றுகளின் கல்லீரலில் கொழுப்பு படிந்ததும் ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவை இன்னும் மோசம். அவை கழிச்சலைக் கொடுப்பதோடு, உடலில் உள்ள உயிர்ச்சத்து ‘ஈ’யையும் தீர்த்துவிடும். அதன் பற்றாக்குறை முற்றினால் தொடைத் தசையும் இதயத் தசையும் வெளுத்துச் சிதையும் வெண்தசை நோய் வரும். மீன் எண்ணெயையும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் இதே கதிதான். உயிர்ச்சத்து ஏ-க்காக மருத்துவர் சொல்லும் சில மில்லிலிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த எண்ணெயையும் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ புகட்டாதீர்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் கன்று இருமிக் காட்டும். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே இறங்கிவிடும். மூன்றாம் நாள் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகக் கொண்டுவரும் அத்தகைய கன்றைக் காப்பாற்றுவது அரிது.

உங்கள் மாமியாரிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: பருத்திக்கொட்டை கறவை மாட்டுக்கு அருமையான தீனி, கன்றுக்கு நஞ்சு. அதில் உள்ள காசிப்பால் என்ற பொருளை, வேலை செய்யும் பெருவயிறு ஓரளவு முறித்துவிடும். பெருவயிறு வளராத கன்றில் அது நேராக இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கும். நன்றாக இருந்த கன்று திடீரென்று விழுந்து சாகும். ஆட்டிப் பாலெடுத்துக் கொடுத்தாலும் காசிப்பால் அதோடு வரத்தான் செய்யும்.

இறந்த இரண்டு கன்றுகளைப் பற்றி, பார்க்காமல் உறுதி சொல்ல இயலாது. கழிச்சல் இல்லை, மாலையில் பால் குடித்தது, காலையில் விறைத்துக் கிடந்தது என்பதை வைத்துப் பார்த்தால், எரிக்கக் கொழுப்பு தீர்ந்துபோய்க் குளிரில் ஒடுங்கிய கன்று என்றே ஐயப்படுகிறேன். இனி அப்படி நேர்ந்தால், வருத்தத்தோடு புதைத்துவிடாமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். பட்டினியால் இறந்த கன்றின் வயிற்றைத் திறந்தால், சிறுநீரகத்தைச் சுற்றியும் இதயத்தின் மேற்பள்ளத்திலும் கெட்டியாக இருக்க வேண்டிய கொழுப்பு கரைந்து, நீர்கோத்த செம்மஞ்சள் கூழாக மாறியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு பாலளவைப் பற்றி யாரும் வாதிடுவதில்லை. சீம்பாலைப் பற்றியும் கேட்டாக வேண்டும். அதுதான் கன்றுக்குக் கிடைக்கும் முதல் கொழுப்பு உணவு. அதில் கொழுப்பு சாதாரணப் பாலைவிட அதிகம், நோய் எதிர்ப்புச் சக்தியும் அதன் வழியாகத்தான் வருகிறது. 24 கிலோ கன்றுக்கு, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் குறைந்தது இரண்டு லிட்டரும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு ஒன்றரை லிட்டரும் உள்ளே போயிருக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலைக் கறக்காமல் காத்திருக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே விட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். கன்றின் ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 38.5 முதல் 39.5 டிகிரி வரை இருக்க வேண்டும். 38-க்குக் கீழே இறங்கி, விரலை வாயில் வைத்தால் சப்பாமல் கன்று சோம்பி இருந்தால், அது பொடிக்கான நேரமன்று. உலர்ந்த சாக்கால் தேய்த்து, வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி அணைவாக வைத்து, மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம்.

படுக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் பாதிப் பயன்தான். உங்கள் பகுதியில் வைக்கோல் சமவெளியிலிருந்துதான் ஏறி வர வேண்டும், விலையும் கூடுதல் என்பது தெரியும். ஆனால் கன்றுக்கூண்டு சிறியது. காய்ந்த புல்லையோ மரச்சீவலையோ அடியில் தடிமனாகப் பரப்பி, மேலே மட்டும் வைக்கோலைப் போட்டால் போதும். படுத்திருக்கும் கன்றின் கால்கள் வைக்கோலுக்குள் மறைய வேண்டும். படுக்கை உலர்ந்திருக்கிறதா என்பதைப் பார்வையால் தீர்மானிக்காதீர்கள். அதில் முழங்காலூன்றி அரை நிமிடம் இருங்கள், துணி நனைந்தால் கன்றும் இரவு முழுவதும் நனைகிறது. சாக்கில் தைத்த போர்வை மூன்று வாரம் வரை நல்ல துணை. ஈரமானால் மாற்ற வேண்டும். குளிர் என்று கொட்டகையை நாற்புறமும் தார்ப்பாயால் இறுக்கி மூடுவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும் கொட்டகையில் கன்றுகள் குளிரில் சாகாமல் நிமோனியாவில் சாகும். காற்று மேலே போய்வரட்டும். கன்று படுக்கும் உயரத்தில் மட்டும் தடுத்தால் போதும்.

செலவு என்று பார்த்தால், இரவு வேளை ஒன்றேகால் லிட்டரை உறைபனிக் காலத்தில் ஆறு வாரம் கொடுத்தால் ஒரு கன்றுக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று லிட்டர் ஆகும். அதைச் சங்க விலையால் பெருக்குங்கள். பிறகு விற்பனையாளர் சொல்லும் விலையில் நாளொன்றுக்கு 100 கிராம் பொடிக்கு என்ன ஆகிறது என்று பார்த்து, ஒப்பிடுவதற்காக மட்டும் அதையும் அதே ஆறு வாரத்துக்கு, அதாவது நாற்பத்திரண்டால் பெருக்குங்கள். எரிசக்தியில் 100 கிராம் பொடி ஒரு லிட்டர் பாலுக்குச் சற்றுக் குறைவு என்பதையும், அதில் புரதம் 7 கிராம்தான், ஒரு லிட்டர் பாலில் முப்பது கிராமுக்கு மேல் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு தொகைகளையும் ஒப்பிடுங்கள். பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்கை எட்டு வாரத்தில் எட்டிவிட்டால் கன்று சரியான பாதையில் இருக்கிறது என்று பொருள். எடையை மார்புச் சுற்றளவு நாடாவால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வாருங்கள். வீட்டில் இருக்கும் பைபாஸ் கொழுப்பு மூட்டையை வீணாக்க வேண்டியதில்லை. கன்று ஈன்று அதிகம் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் வரை அடர்தீவனத்தில் கலந்து கொடுங்கள். கன்றின் மூன்றாம் வேளைக்கு எடுக்கும் பாலில் ஒரு பகுதியை அது கறவையில் ஈடுகட்டிவிடும்.